நடந்து கேட்பவர்கள்

2005 பிப்ரவரி 6. அமெரிக்கக் கால்பந்தின் உச்சப் போட்டியான சூப்பர் பௌலில் நியூ இங்கிலாந்து பேட்ரியட்ஸ் அணி கோப்பையைத் தூக்கியது. நான்கு ஆண்டுகளில் அவர்களுக்கு அது மூன்றாவது கோப்பை. அந்த அணியின் தடுப்பு வரிசையில் தூணாக நின்ற டெடி புரூஸ்கிக்கு அப்போது 31 வயது. அடுத்த வாரம் ஹவாயில் நட்சத்திர வீரர்களுக்கென்று நடந்த ஆட்டத்திலும் ஆடிவிட்டு மாசசூசெட்ஸில் உள்ள வீட்டுக்கு வந்தார். பிப்ரவரி 16 அதிகாலை 4 மணி வாக்கில் விழிப்புத் தட்டியபோது இடது கையும் காலும் மரத்துக் கிடந்தன. தலைவலி வேறு. குளியலறைக்குப் போக எழுந்தவர் தடுமாறி விழுந்தார். பிறகு என்ன செய்தார் தெரியுமா? திரும்ப வந்து படுத்துக்கொண்டார்.

மோதி விழுவதையே பிழைப்பாகக் கொண்டவர் அவர். உடம்பு வலிக்காத நாள்தான் அவருக்கு ஆச்சரியம். விடிந்த பிறகு மகன் இடப்பக்கமாக வந்து பேசினான். குரல் கேட்டது, பிள்ளையைக் காணவில்லை. பார்வையின் இடப்பாதி போயிருந்தது. மனைவி ஹைடி அவசர எண்ணை அழைத்தார். மூளைக்குப் போகும் ரத்தத்தை ஒரு கட்டி அடைத்திருக்கிறது என்பது மருத்துவமனையில் தெரிந்தது. பக்கவாதம்.

காரணம் இதயத்தில் இருந்தது. தாய் வயிற்றில் இருக்கும் குழந்தையின் நுரையீரலுக்கு வேலை இல்லை. ரத்தம் அதைச் சுற்றிக்கொண்டு போக, இதயத்தின் மேலறைகளுக்கு நடுவே ஒரு சிறு திறப்பு இருக்கும். பிறந்ததும் அது மூடிக்கொள்ள வேண்டும். ஏறக்குறைய நான்கில் ஒருவருக்கு முழுதாக மூடுவதில்லை. அவர்களில் பெரும்பாலோர் அது இருப்பதே தெரியாமல் வாழ்ந்து முடித்துவிடுவார்கள். எப்போதாவது ஒருவருக்கு, காலிலோ இடுப்பிலோ உறைந்த சிறு ரத்தக்கட்டி அந்த ஓட்டை வழியே இடப்பக்கம் தாவி நேரே மூளைக்கு ஏறிவிடுகிறது. புரூஸ்கிக்கு நடந்தது அதுதான். பனி ஹாக்கி வீரர் கிறிஸ் லெடாங்குக்கு 2014 ஜனவரியில், 26 வயதில் பக்கவாதம் வந்ததும் இதே திறப்பினால்தான்.

ஓடி ஆடி உடம்பை இரும்பாக வைத்திருந்தவர்களுக்கே இப்படி. ஆனாலும் நாற்பதுக்கு உட்பட்ட ஒருவருக்கு வாய் கோணினாலோ கை தொய்ந்தாலோ சுற்றியிருப்பவர்கள் முதலில் சொல்வது, “இந்த வயசுல அதெல்லாம் வராதுப்பா” என்பதுதான். ராத்திரி சரியாகத் தூங்கவில்லை, வெயிலில் அலைந்தான், வாயுப் பிடிப்பு, கூடாத பழக்கம் என்று வரிசையாகக் காரணம் கிடைக்கும். இளம் வயதுப் பக்கவாதத்தில் நோயைவிடப் பெரிய கேடு இந்த நம்பாமைதான் என்று எனக்குத் தோன்றுகிறது.

நம் பக்கத்துக் காரணங்களும் உண்டு. அளந்தே பார்க்காத ரத்த அழுத்தம், தெரியாமலே வளர்ந்த சர்க்கரை, பீடி, சிகரெட், புகையிலை ஆகியவை முன்வரிசை. சிறு வயதில் வந்த மூட்டுக் காய்ச்சல் இதய வால்வைக் கெடுத்துவிட்டுப் போய், இருபது வருடம் கழித்து அங்கிருந்து கட்டி கிளம்புவதும் இந்தியாவில் அரிதல்ல. சலூனில் முடிவெட்டி முடித்ததும் தலையைப் பிடித்து ‘படக்’கென்று ஒரு திருப்பு திருப்பி நெட்டி முறிப்பார்களே, அதில் கழுத்துத் தமனியின் உட்சுவர் கிழிந்து பக்கவாதம் வந்தவர்களைப் பற்றி மருத்துவ இதழ்களில் பதிவுகள் இருக்கின்றன. சுகமாகத்தான் இருக்கும், வேண்டாம்.

பிள்ளை பெற்ற பெண்களுக்கு வருவது இன்னொரு வகை. பிரசவத்துக்குப் பின் சில வாரங்களுக்கு ரத்தம் எளிதில் உறையும் தன்மையோடு இருக்கும். பச்சை உடம்புக்காரிக்குத் தண்ணீர் அதிகம் கொடுக்கக் கூடாது என்ற பழைய கட்டுப்பாடும் சேர்ந்துகொண்டால், மூளையிலிருந்து ரத்தத்தை வெளியேற்றும் சிரைகளில் உறைவு ஏற்பட வாய்ப்பு கூடுகிறது. விடாத தலைவலி, வாந்தி, வலிப்பு என்று தொடங்கும். வீட்டில் அதற்கு ஜன்னி என்று பெயர் வைத்து வேப்பிலை தேடுவார்கள். நேரத்தோடு கண்டுபிடித்துவிட்டால் நன்றாகவே தேறிவிடக்கூடிய வகை இது என்பதுதான் வயிற்றெரிச்சல்.

நேரக் கணக்கை மட்டும் சொல்லிவிட்டு மேலே போகலாம். ரத்தம் நின்ற மூளைப் பகுதியில் ஒரு நிமிடத்துக்குச் சுமார் 19 லட்சம் நரம்பணுக்கள் சாகின்றன. கட்டியைக் கரைக்கும் ஊசியை அறிகுறி தொடங்கி நாலரை மணி நேரத்துக்குள் போட வேண்டும். பெரிய நாளம் அடைத்திருந்தால் தொடை வழியே குழாய் விட்டுக் கட்டியை உருவி எடுக்கும் சிகிச்சையை, தகுந்தவர்கள் எனத் தேர்ந்தெடுக்கப்பட்ட சிலருக்கு 24 மணி நேரம் வரைகூடச் செய்ய முடிகிறது. அடைப்பா, கசிவா என்பது ஸ்கேனில்தான் தெரியும் என்பதால் வீட்டிலேயே மாத்திரை கொடுப்பதும் ஆபத்து. மரத்த கைகாலில் புறா ரத்தம் தேய்ப்பதற்கு ஆள் தேடி இரண்டு ஊர் தாண்டிப் போகும் வண்டி, அதே தூரத்தில் இருக்கும் ஸ்கேன் வசதியுள்ள மருத்துவமனைக்குப் போயிருக்கலாம்.

ஆனால் இந்தக் கட்டுரை அந்த நாலரை மணி நேரத்தைப் பற்றியது அல்ல. அதற்கு இன்று பேச ஆள் இருக்கிறார்கள், விளம்பரப் பலகைகள் இருக்கின்றன, 108 இருக்கிறது. பிழைத்து வீட்டுக்கு வந்த பிறகு வரும் நாலரை ஆண்டுகளுக்கு யார் இருக்கிறார்கள்?

எமிலியா கிளார்க்கை ‘கேம் ஆஃப் த்ரோன்ஸ்’ தொடரின் டினேரிஸாக நம் பிள்ளைகளுக்கும் தெரியும். அந்தத் தொடர் ஒளிபரப்பாவதற்கு இரண்டு மாதம் முன்பு, 2011 பிப்ரவரி 11 அன்று, வடக்கு லண்டனில் ஓர் உடற்பயிற்சிக் கூடத்தில் இருந்தார். வயது 24. தலைக்குள் ரப்பர் பட்டையைப் போட்டு இறுக்குவது போன்ற வலி. கழிவறைக்குத் தவழ்ந்து போய் வாந்தி எடுத்தார். நினைவு தப்பிவிடக் கூடாது என்று கை கால் விரல்களை அசைத்துக்கொண்டும் தொடரின் வசனங்களை மனதுக்குள் சொல்லிக்கொண்டும் கிடந்தார். மூளையைச் சுற்றியுள்ள உறைக்கு அடியில் ரத்தக்குழாய்ப் புடைப்பு ஒன்று வெடித்திருந்தது; கசிவு வகைப் பக்கவாதம். அறுவைச் சிகிச்சையில் உயிர் பிழைத்தார். பிறகு ஒரு வாரம் போலத் தன் பெயரைக்கூடச் சொல்ல வரவில்லை. வாயைத் திறந்தால் அர்த்தமற்ற ஒலிகள். வசனம் பேசிப் பிழைக்கும் ஒருத்திக்கு அதைவிட என்ன தண்டனை வேண்டும்? அந்த நேரத்தில் செத்துவிடலாம் என்றிருந்தது என்று பின்னாளில் எழுதினார். 2013-ல் இரண்டாவது புடைப்புக்காக மண்டையோட்டைத் திறந்தே சிகிச்சை செய்ய வேண்டியதாயிற்று.

எட்டு ஆண்டு காலம் இதை அவர் பொதுவெளியில் சொல்லவில்லை. 2019 மார்ச்சில் ‘தி நியூயார்க்கர்’ இதழில் எழுதியபோதுதான் உலகத்துக்குத் தெரிந்தது. அதே சமயம் ‘சேம்யூ’ என்ற அறக்கட்டளையைத் தொடங்கினார். மருந்து கண்டுபிடிக்கவோ மருத்துவமனை கட்டவோ அல்ல. மூளைப் பாதிப்புக்கும் பக்கவாதத்துக்கும் பிறகு இளைஞர்களுக்குக் கிடைக்க வேண்டிய மறுவாழ்வுச் சிகிச்சைக்காக. உயிரைக் காப்பாற்றிய மருத்துவம் வீட்டு வாசலில் இறக்கிவிட்டுப் போய்விடுகிறது என்பது அவர் பட்டு அறிந்தது. அந்தப் பணிக்காக அவருக்கும் அவருடைய தாயாருக்கும் 2024-ல் பிரிட்டனின் எம்.பி.இ. விருது வழங்கப்பட்டது.

வாசலில் இறங்கிய பிறகு நடக்க வேண்டுமே. பக்கவாதம் வந்தவரின் நடையைத் தெருமுனையிலிருந்தே சொல்லிவிடலாம். முழங்கால் மடங்காது. பாதத்தின் முன்பகுதி தொங்கும். அது தரையில் தட்டாமலிருக்க, காலை இடுப்போடு தூக்கி அரைவட்டமாக வெளியே சுழற்றி முன்னால் வைப்பார். அந்தப் பக்கத்துக் கை மடங்கி மார்போடு ஒட்டியிருக்கும். ரப்பர் செருப்பு அந்தக் காலில் நிற்காது. பெருவிரல் பற்றாததால் நழுவிக்கொண்டே இருக்கும். பின்னால் வார் வைத்த செருப்பு வேண்டும். கணுக்காலைப் பிடித்து நிறுத்த பிளாஸ்டிக் பட்டை வேண்டும். இதோடு பத்தடி நடந்தால் நாம் நூறடி நடந்த களைப்பு வந்துவிடும்.

மூளையில் செத்த பகுதி திரும்ப வராது. அதன் வேலையைப் பக்கத்துப் பகுதிகள் கற்றுக்கொள்கின்றன. அவை கற்றுக்கொள்வது ஒரே வழியில்தான்: அதே அசைவைத் திரும்பத் திரும்பச் செய்வது. முதல் மூன்று, ஆறு மாதங்களில் முன்னேற்றம் வேகமாக இருக்கும். அதற்குப் பிறகு நின்றுவிடும் என்று சொல்வது பழைய பேச்சு. 1996-ல் 37 வயதில் மூளையில் ரத்தக்கசிவுக்கு ஆளான ஜில் போல்ட் டெய்லர், தானே ஒரு மூளை விஞ்ஞானி; முழுதாகத் தேற அவருக்கு எட்டு ஆண்டுகள் ஆயின. அதற்காக முதல் நாளே எழுப்பி நடக்கவைத்துவிடவும் கூடாது. முதல் 24 மணி நேரத்துக்குள் தீவிரமாக எழுப்பி நடமாட வைத்தவர்கள் மற்றவர்களைவிட நன்றாகத் தேறவில்லை என்பதை 2015-ல் வெளியான ‘அவெர்ட்’ ஆய்வு காட்டியது.

பிசியோதெரபிஸ்டுகள் பத்து மீட்டர் தூரத்தைக் குறித்துவைத்து, அதைக் கடக்க எத்தனை நொடி ஆகிறது என்று பார்ப்பார்கள். நொடிக்கு 0.4 மீட்டருக்குக் கீழே என்றால் அவர் நடை வீட்டுக்குள்ளேதான். 0.8-ஐத் தாண்டினால் வெளியே தனியாகப் போய்வரலாம் என்று கணக்கு. ஆனால் பிரிட்டனில் சாலையைக் கடக்கும் சிக்னல்கள் நீண்ட காலம் நொடிக்கு 1.2 மீட்டர் நடப்பவரை மனதில் வைத்தே அமைக்கப்பட்டு வந்தன. பன்னிரண்டு மீட்டர் அகலச் சாலையை அந்த வேகத்தில் 10 நொடியில் கடந்துவிடலாம், 0.8-ல் 15 நொடி, 0.4-ல் அரை நிமிடம். நம் ஊர்ச் சாலைகளை யாருடைய வேகத்தை மனதில் வைத்து அமைத்தார்கள் என்ற கேள்விக்குள் நான் போகவில்லை.

இந்த நிலையில் இருக்கும் ஒருவர், “நான் நடக்கப் போகிறேன், பணம் கொடுங்கள்” என்று கேட்டால் அது வேறு மாதிரியான கேள்வியாகிவிடுகிறது. நன்றாக ஓடக்கூடியவன் மாரத்தான் ஓடி நிதி திரட்டும்போது அவன் திறமையைத் தானம் செய்கிறான். இவரோ தன் சிகிச்சையையே நாலு பேர் பார்க்கத் தெருவுக்குக் கொண்டுவருகிறார்.

நடந்து கேட்பது நமக்குப் புதிதில்லை. மடிப்பிச்சை எடுத்துப் பழநிக்கு நடந்து வருகிறேன் என்று பிள்ளையின் உயிருக்காக நேர்ந்துகொண்ட தாய்மார்கள் நம் வீடுகளிலேயே உண்டு. வசதியுள்ள வீட்டுப் பெண்ணும் முந்தானையை ஏந்தி நாலு வாசலில் நின்றால்தான் அந்த நேர்த்தி செல்லும். 1951-ல் தெலங்கானாவின் போச்சம்பள்ளியில் ஒருவர் நிலம் கொடுக்க முன்வந்ததிலிருந்து வினோபா பாவே நிலமில்லாதவர்களுக்காக ஆண்டுக்கணக்கில் நடந்தே நிலம் கேட்டார். தமிழ்நாட்டு ஊர்களுக்கும் நடந்து வந்தார். நடப்பவரிடம் இல்லையென்று சொல்ல மனிதர்கள் கூசுகிறார்கள்.

மேற்கில் இதற்கு ஒரு முறை உருவானது. ஒரு மைலுக்கு இவ்வளவு என்று நண்பர்களிடம் எழுதி வாங்கிக்கொண்டு நடப்பது. நடந்து முடித்ததும் வசூலிப்பது. போலியோவை ஒழிக்க 1938-ல் அமெரிக்க அதிபர் ரூஸ்வெல்ட் தொடங்கிய ‘மார்ச் ஆஃப் டைம்ஸ்’ அமைப்பு, தடுப்பூசி வந்து போலியோ அடங்கிய பின் பிறவிக் குறைபாடுகள் பக்கம் திரும்பி, 1970-ல் இத்தகைய நடையை அமெரிக்காவில் பெரிய அளவில் ஆரம்பித்தது. 1980-ல் கனடாவின் டெரி ஃபாக்ஸ், புற்றுநோயால் வலது காலை இழந்த 21 வயது இளைஞர், ஒவ்வொரு கனடியரிடமும் ஒரு டாலர் கேட்டு நாட்டின் குறுக்கே செயற்கைக் காலோடு ஓடினார். 143 நாட்களில் 5,373 கிலோமீட்டர். நோய் நுரையீரலுக்குப் பரவி அவரை நிறுத்தியது. மறு ஆண்டு அவர் இறப்பதற்கு முன்பே அவர் கேட்ட தொகை சேர்ந்துவிட்டது. இன்று டொரண்டோவில் வளரும் நம் பிள்ளைகள் ஆண்டுதோறும் செப்டம்பரில் பள்ளியில் அவர் பெயரால் ஓடுகிறார்கள். அங்கே கனடியத் தமிழர் பேரவையும் நடைபவனி நடத்திப் பல பணிகளுக்கு நிதி சேர்த்திருக்கிறது.

கொரோனா காலத்தில் பிரிட்டனின் டாம் மூர், நூறாவது பிறந்தநாளுக்குச் சில நாட்கள் இருக்க, 25 மீட்டர் நீளத் தோட்டத்தில் சக்கரம் வைத்த நடைச்சட்டத்தைப் பிடித்துக்கொண்டு நூறு நடை நடந்தார். கேட்டது ஆயிரம் பவுண்டு. தேசிய சுகாதாரச் சேவையின் அறநிதிக்குச் சேர்ந்தது 3 கோடியே 28 லட்சம் பவுண்டு. தூரத்துக்கும் தொகைக்கும் சம்பந்தமே இல்லை. இதன் மறுபக்கத்தையும் சொல்ல வேண்டும். அவர் பெயரில் குடும்பத்தார் பிறகு நடத்திய தனி அறக்கட்டளையில் முறைகேடான நடத்தை இருந்ததாக 2024 நவம்பரில் அந்நாட்டு அறநிலைய ஆணையம் அறிக்கை வெளியிட்டது. கிழவர் நடந்து சேர்த்த பணத்துக்கும் இதற்கும் தொடர்பில்லை. ஆனாலும் பெயர் ஒன்றுதானே.

டெடி புரூஸ்கிக்கு இதயத் திறப்பை ஒரு சிறு கருவியால் அடைத்தார்கள். அந்தப் பருவம் முழுக்க ஆடமாட்டார் என்றார்கள். 2005 அக்டோபர் 30 அன்று, எட்டரை மாதத்தில், களத்தில் இறங்கிவிட்டார். 2009-ல் ஓய்வு பெறும்வரை ஆடினார். பக்கவாதம் வந்த ஆண்டிலேயே ‘டெடிஸ் டீம்’ என்ற குழு பிறந்தது. பாஸ்டன் மாரத்தானில் தகுதி நேரம் இல்லாதவர்கள் ஓர் அறப்பணிக்குக் குறிப்பிட்ட தொகை திரட்டித் தந்து இடம் பெறலாம். அந்த வழியில் இக்குழுவினர் பக்கவாத ஆராய்ச்சிக்கும் விழிப்புணர்வுக்கும் ஓடுகிறார்கள். அப்பாவுக்காக, தங்கைக்காக ஓடுபவர்கள் உண்டு. தாங்களே மீண்டு வந்து ஓடுபவர்களும் உண்டு. புரூஸ்கியும் ஓடினார். 2019 ஜூலையில் அவருக்குத் தற்காலிக அடைப்பு ஒன்று மறுபடி வந்தது. கை தொய்வு, பேச்சுக் குழறல், முகக் கோணல். இத்தனை ஆண்டுகள் மேடை மேடையாகச் சொன்ன அறிகுறிகள். இந்த முறை அவர் போய்ப் படுக்கவில்லை. உடனே மருத்துவமனைக்குப் போனார், தேறினார்.

மாரத்தான் எல்லோருக்கும் ஆகாது. அதனால்தான் பிரிட்டனின் ஸ்ட்ரோக் அசோசியேஷன் நடத்திவந்த ‘ஸ்டெப் அவுட் ஃபார் ஸ்ட்ரோக்’ நடைகள் எனக்கு அதைவிடப் பிடிக்கும். பூங்காவில் சிறிய தூரம். கோலூன்றி நடக்கலாம், சட்டத்தைப் பிடித்து நடக்கலாம், சக்கர நாற்காலியில் வரலாம். ஆஸ்திரேலியாவின் ஸ்ட்ரோக் ஃபவுண்டேஷன் நவம்பர் மாதத்தில் நடத்தும் ‘ஸ்ட்ரைட்4ஸ்ட்ரோக்’கில் அவரவர் இலக்கை அவரவரே வைத்துக்கொள்கிறார்கள். இங்கே கடிகாரத்தோடு போட்டி இல்லை.

நம்மிடமும் நடை இருக்கிறது. அக்டோபர் 29, உலகப் பக்கவாத தினத்தன்று காலையில் கடற்கரைச் சாலைகளைப் பாருங்கள். ஒரே நிற டி-ஷர்ட், தொப்பி, கொடியசைக்க ஒரு பிரமுகர், செவிலிய மாணவிகளின் வரிசை, எட்டு மணிக்குள் பொங்கல் பொட்டலம். எல்லாம் நல்ல எண்ணம்தான். ஆனால் இவற்றில் பெரும்பாலானவற்றில் பக்கவாதம் வந்து மீண்டவர்கள் நடுவில் நடப்பதில்லை. மீண்டவர்களுக்கென்று பணமும் கேட்கப்படுவதில்லை.

அவர்கள் வராததற்குக் காரணம் இருக்கிறது. முப்பது வயதில் கை இழுத்துக்கொண்டவரை வீட்டாரே வெளியே காட்டுவதில்லை. தங்கைக்கு மாப்பிள்ளை பார்க்கும்போது உள்ளறையில் இருக்கச் சொல்லும் வீடுகள் உண்டு. அவர் வேலைக்குப் போகவில்லை. மனைவி புதிதாகப் போகத் தொடங்கியிருப்பார். பகலில் அவரை நடக்கவைக்க ஆள் இல்லை. காப்பீடு பெரும்பாலும் மருத்துவமனையில் படுத்திருக்கும் நாட்களோடு முடிகிறது. 2021 ஆகஸ்டில் தமிழ்நாடு அரசு தொடங்கிய ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டத்தில் இயன்முறை மருத்துவர்கள் வீட்டுக்கே வருகிறார்கள். பல மாநிலங்கள் பொறாமைப்பட வேண்டிய ஏற்பாடு. ஆனால் நடையைத் திரும்பக் கற்கத் தினமும் பயிற்சி வேண்டும். ஒரு வட்டாரத்தின் அத்தனை ஊர்களையும் சுற்றும் ஒருவர் தினமும் வர முடியாது. இடைப்பட்ட நாட்களுக்குத் தனியார் பிசியோவை அழைத்தால் வருகைக்கு இவ்வளவு என்று கொடுக்க வேண்டும். மூன்றாவது மாதத்தில் பலர் நிறுத்திக்கொள்கிறார்கள். கால் நிறுத்தச் சொன்னதால் அல்ல.

நடந்து சேர்க்கும் பணம் போக வேண்டிய இடம் இதுதான். சிக்னலில் உண்டியல் குலுக்குபவர்களைப் பார்த்துப் பார்த்துச் சந்தேகம் முற்றிப்போன மக்கள் நாம். அதில் தவறும் இல்லை. எனவே கேட்பவர் பதிவு பெற்ற அறக்கட்டளை வழியாகக் கேட்கட்டும், வருமான வரிச் சலுகைக்கான ரசீது கொடுக்கட்டும், வந்தது இவ்வளவு, போனது இவ்வளவு என்று ஊர்ப் பலகையில் எழுதி ஒட்டட்டும். ஐந்து கிலோமீட்டர் வேண்டாம். தெருமுனையிலிருந்து டீக்கடை வரை போதும். முன்னால் நடப்பவர் டி-ஷர்ட்டில் மருத்துவமனையின் சின்னத்துக்குப் பதில், கணுக்கால் பட்டை ஒன்றுக்கு என்ன விலை, ஒரு மாதப் பிசியோவுக்கு என்ன செலவு, இதுவரை எத்தனை பேருக்கு வாங்கிக் கொடுத்தாயிற்று என்று அச்சடித்துக்கொள்ளலாம். அவர் மெதுவாகத்தான் நடப்பார். படிக்க நேரம் இருக்கும்.